எங்கள் வீட்டுப் பகடையில் ஆறே விழுந்தது

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, எல்லோருக்கும் வணக்கம்.

பிள்ளைக்கு அதிகம் கற்றுத்தருவது கடையில் வாங்கிய விளையாட்டா, வீட்டில் அட்டையில் செய்த விளையாட்டா? இதுதான் இன்றைய கேள்வி. எனக்கு முன்னால் பேசிய சகோதரி கடைப் பொருளுக்காக அழகாக வாதாடினார். அளவு பிசகாது, விதிகள் அச்சடித்தே வரும், பெட்டியைத் திறந்ததும் விளையாடலாம் என்றார். மூன்றும் உண்மைதான். ஆனால் அளவை யாரோ எடுத்துவிட்டார், விதியை யாரோ யோசித்துவிட்டார் என்றால் பிள்ளைக்கு மிச்சம் இருப்பது காய் நகர்த்துவது மட்டும்தானே அம்மா?

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். போன கோடை விடுமுறையில், நான்காம் வகுப்பு முடித்த என் மகள் மிக்ஸி வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டுப் பாம்பு ஏணி செய்ய உட்கார்ந்தாள். 100 கட்டம் வேண்டும். அட்டையின் பக்கம் 38 சென்டிமீட்டர். பத்தால் வகுத்தால் 3.8. தசமப் புள்ளியைக் கண்டாலே முகம் சுளிக்கிறவள், அன்று ஸ்கேலை வைத்து 3.8, 7.6, 11.4 என்று தானாகவே குறித்துக்கொண்டு போனாள். எண் எழுதும்போது ஒன்றுக்கு மேலே 11 என்று எழுதிவிட்டாள். விளையாடிப் பார்த்தால் பத்திலிருந்து காய் அந்தக் கோடிக்குத் தாவ வேண்டியிருக்கிறது. அழித்துவிட்டு அங்கே 20 எழுதினாள். யாரும் சொல்லித்தரவில்லை.

அப்புறம் பகடை. ஆறு சதுரங்களை ஒரே வரிசையாக வெட்டி மடித்தாள். சுற்றிலும் நான்கு பக்கம் வந்தது. மேலும் கீழும் திறந்தே கிடந்தது. ஆறு சதுரம் சேர்ந்த ஒரு துண்டைப் பகடையாக மடிக்க மொத்தம் 11 வடிவங்கள் உண்டு. அன்று சாயங்காலத்துக்குள் அவள் இரண்டைக் கண்டுபிடித்தாள்.

பகடையை உருட்டினால் ஆறு, ஆறு, மறுபடியும் ஆறு. "அக்கா, உன்னுது கள்ளப் பகடை" என்று தம்பி கத்தினான். அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. பழைய காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு, 60 முறை உருட்டிக் கோடு போட்டாள். ஒழுங்கான பகடையில் ஒவ்வோர் எண்ணும் பத்தை ஒட்டி விழ வேண்டும். ஆறு மட்டும் 23 முறை விழுந்திருந்தது. தம்பி சொன்னது சரிதான். பகடையை விரலால் அமுக்கி அமுக்கிப் பார்த்தாள். ஒன்று இருக்கும் பக்கத்தில் மட்டும் ஒட்டு மடிப்பு மூன்று, அதற்குமேல் ஃபெவிகால். கனமான பக்கம் கீழே போகிறது, எதிர்ப்பக்கம் மேலே வருகிறது. மடிப்பே இல்லாமல், விளிம்புகளை டேப்பால் ஒட்டிப் புதுப் பகடை செய்தாள். அடுத்த 60-ல் ஆறு 11 முறை வந்தது.

நடுவர் அவர்களே, இதற்குப் பாடப் புத்தகத்தில் நிகழ்தகவு என்று பெயர். கடைப் பகடை முதல் நாளே சரியாக விழுந்திருக்கும். அந்தக் காலண்டர் தாளுக்கு அங்கே வேலையே வந்திருக்காது.

அட்டை குப்பைக்குப் போகிற பொருள்தானே என்றார் எதிரணித் தம்பி. அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் உள்ள விளையாட்டு அருங்காட்சியகம், தேசிய பொம்மைகள் கௌரவப் பட்டியலில் 2005-இல் வெறும் அட்டைப்பெட்டியையே சேர்த்திருக்கிறது தம்பி.

லாஸ் ஏஞ்சலிஸில் கெயின் மன்ராய் என்ற 9 வயதுப் பையன். 2011 கோடையில், அப்பாவின் பழைய கார் உதிரிபாகக் கடையில் கிடந்த பெட்டிகளால் ஒரு விளையாட்டுக் கூடமே கட்டினான். 2012-இல் வெளிவந்த குறும்படத்தால் உலகத்துக்கே அவன் தெரிந்தான். என்னை நிறுத்தி வைத்தது ஒரு சின்ன விஷயம். அவனுடைய பந்து விளையாட்டில் கோல் போடுவது ரொம்பச் சுலபமாக இருந்தது. உடனே பிளாஸ்டிக் சிப்பாய் பொம்மைகளை நிற்க வைத்து கோல் காக்க விட்டான். விளையாட வருகிறவர் சலித்துப்போவார் என்று 9 வயதில் யோசித்திருக்கிறான்.

என் மகள் செய்தது நேர் எதிர். 99-இல் பெரிய பாம்பை வைத்திருந்தாள். தம்பி இரண்டு முறை அதில் இறங்கி அழுதுவிட்டு, இனி வரமாட்டேன் என்று போய்விட்டான். எதிரே ஆள் இல்லாமல் கட்டத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அரை மணி நேரம் தனியாக உட்கார்ந்திருந்தாள். பிறகு பாம்பின் தலையை 93-க்கு இறக்கி வரைந்துவிட்டு அவனைக் கூப்பிட்டாள். வந்தான்.

கடைசியில் எல்லாம் அப்பா அம்மாதான் செய்கிறார்கள் என்பது எதிரணியின் வலுவான வாதம். பள்ளிக்கூட மாடலை இராத்திரி பதினொரு மணிக்கு நாம் ஒட்டிக்கொடுக்கிறோமே, அது மதிப்பெண்ணுக்காக. வீட்டு விளையாட்டுக்கு மதிப்பெண் யார் போடுகிறார்கள்? தடித்த அட்டையைக் கத்தியால் அறுப்பது நம் வேலை. மற்றதில் கையை எடுத்துவிடலாம். கோணலாக இருக்கட்டும்.

பழைய பகடை, புதுப் பகடை இரண்டையும் கொண்டுவந்திருக்கிறேன். இதோ, நடுவர் மேசையில் வைக்கிறேன். கள்ளப் பகடை எது என்று நான் சொல்லக் கூடாதாம், உருட்டித்தான் கண்டுபிடிக்க வேண்டுமாம்; என் மகள் சொல்லி அனுப்பினாள். கோடு போட ஒரு தாளும் கொடுத்திருக்கிறாள்.