16 வயதா, 18 வயதா? முதல் ஓட்டுநர் உரிமம் பெறும் முன் குமரி மாவட்டத்துப் பிள்ளைகளும் பெற்றோரும் தெரிந்துகொள்ள வேண்டியவை

[காட்சி: பள்ளி விடும் நேரம். மார்த்தாண்டம் மேம்பாலத்தின் அடியில் வாகன நெரிசல்.]

மாலையில் பள்ளி விட்ட பிறகு மார்த்தாண்டம் மேம்பாலத்தின் அடியில் சற்று நேரம் நின்று பார்த்தால், சீருடையைக்கூட மாற்றாமல் ஸ்கூட்டரில் செல்லும் மாணவர்கள் கண்ணில் படுவார்கள். உரிமம் இருக்கிறதா என்று அவர்களின் பெற்றோரைக் கேட்டால், "கியர் இல்லாத வண்டிதானே, பிள்ளைக்கு 16 வயது முடிந்துவிட்டது" என்ற பதில் வரும். அந்தப் பதிலில் பாதிதான் உண்மை. விடுபட்ட மறுபாதிக்கான விலையைப் பிள்ளையை விடப் பெற்றோரே அதிகம் கொடுக்க வேண்டியிருக்கும் என்பதால், அதிலிருந்தே தொடங்குவோம்.

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், அதன் 4ஆம் பிரிவில், 18 வயது நிறையாத எவரும் பொது இடத்தில் மோட்டார் வாகனம் ஓட்டக் கூடாது என்று கூறுகிறது. அதற்கு ஒரே ஒரு விலக்குத்தான் உண்டு: எஞ்சின் திறன் 50 சிசிக்கு மேற்படாத இருசக்கர வாகனத்தை 16 வயது நிறைந்தவர் ஓட்டலாம். இந்த விலக்கு எஞ்சினின் அளவைப் பொறுத்ததே தவிர, வண்டியில் கியர் இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்தது அன்று. இன்று நம் வீட்டு முற்றங்களில் நிற்கும் கியர் இல்லாத ஸ்கூட்டர்கள் பெரும்பாலும் 110 அல்லது 125 சிசி திறன் கொண்டவை. சுமை ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போகும் எக்ஸ்எல் 100கூட 100 சிசியை ஒட்டியதுதான். ஆகவே 16 வயதுப் பிள்ளை கையில் உரிமத்தையே வைத்திருந்தாலும், அந்த உரிமம் இந்த வண்டிகளுக்குச் செல்லாது.

அப்படியானால் 50 சிசி வண்டி எங்கே கிடைக்கும் என்ற கேள்வி எழும். 1980இல் வந்த டிவிஎஸ் 50 போன்ற மொபெட்டுகளைச் சாலையெங்கும் பார்த்த காலத்தில் இந்த விலக்குக்குப் பொருள் இருந்தது. இப்போது அந்த வகையில் புதிய பெட்ரோல் வண்டி வாங்குவது ஏறக்குறைய முடியாத காரியம். தாத்தாவின் பழைய மொபெட் தொழுவத்தின் ஓரத்தில் கிடக்கிறதே என்று சிலர் நினைக்கலாம். ஆனால் ஒரு வண்டியின் பதிவு 15 ஆண்டுகளுக்குத்தான் செல்லும். அதன் பின் வண்டியை ஆய்வுக்குக் காட்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். நடப்பில் உள்ள காப்பீடும் புகைச் சான்றும் இருக்க வேண்டும். ஓட்டுநர் தேர்வுக்கும் அதே வகை வண்டியைத்தான் கொண்டு செல்ல வேண்டும். இத்தனைக்கும் பிறகு கிடைக்கும் உரிமத்தை வைத்து 18 வயதில் பெரிய ஸ்கூட்டரோ காரோ ஓட்ட முடியாது. அந்த வகைகளைச் சேர்க்க மீண்டும் பழகுநர் உரிமம் எடுத்து, மீண்டும் தேர்வுக்குச் செல்ல வேண்டும். என்னைக் கேட்டால், 50 சிசி வண்டி உண்மையிலேயே வீட்டில் ஓடும் நிலையில் இருந்தாலொழிய, 16 வயதில் இந்த அலைச்சல் தேவையில்லை.

அப்படியும் 16 வயதில் விண்ணப்பிப்பவர்களுக்கு ஒரு கூடுதல் நிபந்தனை உண்டு. பிள்ளையைத் தம் பொறுப்பில் வைத்திருப்பவர் எழுத்து மூலம் ஒப்புதல் தர வேண்டும். தந்தை வளைகுடா நாட்டில் வேலை பார்க்கும் குடும்பங்கள் நம் மாவட்டத்தில் ஏராளம். அவர் விடுப்பில் வரும்வரை காத்திருக்க வேண்டுமோ என்று தயங்க வேண்டாம். சட்டம் கேட்பது பொறுப்பில் வைத்திருப்பவரின் ஒப்புதலை. பிள்ளை தாயின் பராமரிப்பில் இருந்தால் தாயே கையெழுத்திடலாம்.

[காட்சி: ஸ்கூட்டர் சாவியைக் கேட்டு நீளும் ஒரு சிறுவனின் கை.]

சாவியைக் கொடுக்கும் முன் தெரிந்திருக்க வேண்டியது 199ஏ என்ற பிரிவு. 2019ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்தால் சேர்க்கப்பட்ட இந்தப் பிரிவின்படி, சிறார் ஒருவர் வாகனக் குற்றம் புரிந்தால், அவருடைய பாதுகாவலரோ வாகன உரிமையாளரோ குற்றவாளியாகக் கருதப்படுவார். தண்டனை 3 ஆண்டுகள் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் ஆகும். அந்த வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்தாகும். ஓட்டிய பிள்ளைக்கு 25 வயது நிறையும் வரை உரிமம் கிடைக்காது. "எனக்குத் தெரியாமல் எடுத்துப் போய்விட்டான்" என்று பெற்றோர் கூறலாம்தான். ஆனால் தமக்குத் தெரியாது என்பதையோ, தடுக்க உரிய எச்சரிக்கை எடுத்தோம் என்பதையோ நிரூபிக்கும் பொறுப்பும் அவர்களையே சேரும். கல்லூரி முடித்து வேலைக்குப் போகும் வயதில், மகனோ மகளோ ஒரு ஸ்கூட்டர்கூட ஓட்ட முடியாமல் 25 வயது வரை காத்திருப்பது எத்தகைய தடை என்பதை, பேருந்து எப்போதாவது ஒன்று வரும் மலையோரச் சிற்றூர்களில் வாழ்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இனி 18 வயது நிறைந்தவர்களின் வழியைப் பார்ப்போம். நேரடியாக ஓட்டுநர் உரிமம் பெற முடியாது. நம் பேச்சில் எல்.எல்.ஆர். எனப்படும் பழகுநர் உரிமத்தை முதலில் பெற வேண்டும். எந்த வகை வாகனத்திற்கு வயது நிறையவில்லையோ, அந்த வகைக்குப் பழகுநர் உரிமமும் கிடையாது என்பதால், பிறந்தநாளுக்கு முன்பே எல்.எல்.ஆர். எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்ற கணக்கு செல்லாது. அதன் பின் குறைந்தது 30 நாட்கள் கழிந்தால்தான் ஓட்டுநர் தேர்வுக்குச் செல்லலாம். பழகுநர் உரிமம் 6 மாதங்களுக்குச் செல்லும். அதற்குள் தேர்வை முடித்துவிட வேண்டும். கல்லூரி விடுதியில் சேரப் போகிறவர்கள் இந்த 30 நாள் கணக்கைப் பார்த்து விண்ணப்பிப்பது நல்லது.

விண்ணப்பம் பரிவாகன் இணையதளத்தின் சாரதி பகுதியில் தொடங்குகிறது. நம் மாவட்டத்தில் நாகர்கோவில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் குறியீடு டிஎன் 74, மார்த்தாண்டத்தின் குறியீடு டிஎன் 75 என்பது வண்டிப் பலகைகளைப் பார்த்து வளர்ந்த எல்லோருக்கும் தெரியும். வயதுக்குப் பிறப்புச் சான்றிதழோ 10ஆம் வகுப்புச் சான்றிதழோ போதும். முகவரிக்கு ஆதார் போதும். சிக்கல் பெரும்பாலும் பெயரில்தான் வருகிறது. பள்ளிச் சான்றிதழில் தலைப்பெழுத்து பின்னால் இருக்கும், ஆதாரில் அதே தலைப்பெழுத்து தந்தையின் முழுப் பெயராக விரிந்திருக்கும்; விண்ணப்பிக்கும் முன் இரண்டையும் ஒப்பிட்டுச் சரிசெய்துகொள்ளுங்கள். ஆதாருடன் இணைந்த கைபேசி எண் யாருடையது என்பதையும் பாருங்கள். துபாயில் இருக்கும் அப்பாவின் எண்ணுக்கு ஓடிபி போய்விட்டால், இங்கே கணினி முன் உட்கார்ந்திருப்பவர் அவருடைய வேலை நேரம் முடியும்வரை காத்திருக்க நேரும்.

சொந்த உபயோக வாகனம் ஓட்டும் இளைஞர்களுக்கு மருத்துவரின் சான்றிதழ் தேவையில்லை. படிவம் 1இல் உடல்தகுதி பற்றிய சுய உறுதிமொழி போதும். ஆனால் அதைப் படிக்காமல் எல்லாவற்றையும் 'சரி' என்று நிரப்பிவிடுகிறார்கள். நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தொலைவிலுள்ள காரின் எண் பலகையைப் படிக்க முடிகிறதா, சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடிகிறதா, வலிப்பு நோய் உண்டா என்பன அதிலுள்ள கேள்விகள். 25 மீட்டர் தொலைவை வீட்டு முன் சாலையில் காலடியால் அளந்து, ஒரு முறை சோதித்துப் பார்ப்பதற்கு 5 நிமிடம்கூட ஆகாது. கண்ணாடி அணிபவர் கண்ணாடியுடனேயே பார்க்கலாம்.

பழகுநர் தேர்வு என்பது சாலைக் குறிகள், சைகைகள், விபத்து நேர்ந்தால் ஓட்டுநர் செய்ய வேண்டியவை ஆகியவை பற்றிய கேள்விகளுக்கு விடை தெரிவு செய்வதுதான். 60 விழுக்காடு சரியாக இருந்தால் தேர்ச்சி. கட்டணத்தையும் தெரிந்துகொள்ளுங்கள், ஏனெனில் இடைத்தரகர்கள் மொத்தமாக ஒரு தொகையைச் சொல்லும்போது ஒப்பிட்டுப் பார்க்க அது உதவும். மத்திய விதிகளின்படி, பழகுநர் உரிமத்திற்கு ஒரு வகைக்கு 150 ரூபாய், அதன் தேர்வுக்கு 50 ரூபாய். ஓட்டுநர் தேர்வுக்கு ஒரு வகைக்கு 300 ரூபாய், உரிமம் வழங்குவதற்கு 200 ரூபாய். மாநிலத்தின் சேவைக் கட்டணங்கள் தனி. சொந்த உபயோக வாகன உரிமத்திற்குப் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கார் கற்க நல்ல பள்ளி ஒன்றில் சேர்வதை நான் ஆதரிக்கிறேன். படிவம் நிரப்புவதற்காக மட்டும் பணம் கொடுப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

[காட்சி: வெள்ளைப் பலகையில் சிவப்பு நிற 'எல்' எழுத்து, மேட்டில் நிற்கும் ஒரு கார்.]

எல்.எல்.ஆர். கிடைத்த அன்றே நண்பனை ஏற்றிக்கொண்டு முட்டம் கடற்கரைக்குப் புறப்படுபவர்கள் உண்டு. வண்டியின் முன்னும் பின்னும் வெண்ணிறப் பரப்பில் சிவப்பு 'எல்' எழுத்து இருக்க வேண்டும். காரில் பழகும்போது உரிமம் உள்ள ஒருவர், வேண்டிய நேரத்தில் வண்டியை நிறுத்தக்கூடிய வகையில் அருகில் அமர்ந்திருக்க வேண்டும். இருசக்கர வாகனத்தில் கற்றுக்கொடுப்பவரைத் தவிர வேறு எவரையும் பின்னால் ஏற்றக் கூடாது. பழகுநர் உரிமம் இந்தியா முழுவதும் செல்லும் என்பதால், களியக்காவிளையைக் கடந்து கேரளத்தின் பாறசாலைக்குள் நுழைந்தாலும் அது செல்லுபடியாகும். நிபந்தனைகளும் அங்கே அப்படியே உடன் வரும்.

30 நாட்களை எங்கே செலவிடுகிறோம் என்பதும் முக்கியம். நாகர்கோவிலுக்குக் கிழக்கே சமதளச் சாலைகளில் பழகியவர், அருமனை, குலசேகரம் பக்கம் மேடும் பள்ளமும் வளைவுமாகப் போகும் சாலையில் திணறுவார். மேட்டில் நின்ற காரைப் பின்னால் உருளவிடாமல் எடுக்க, கைப்பிரேக்கையும் கிளட்சையும் சேர்த்துக் கையாளும் பழக்கம் வேண்டும். மேற்குப் பகுதியினருக்கு அது இயல்பாக வந்துவிடும். ஆனால் தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பகுதியில் இருசக்கர வாகனத்தைப் பக்கவாட்டில் தள்ளும் காற்று அவர்களுக்குப் புதிது. இரண்டையும் கற்றவருக்கே அந்த 30 நாட்கள் பயன்பட்டதாகச் சொல்லலாம்.

தேர்வு நாளில் வண்டியின் பதிவுச் சான்றையும் காப்பீட்டையும் புகைச் சான்றையும் கொண்டு செல்லுங்கள், ஹெல்மெட்டை மறக்காதீர்கள். பழைய ஆட்கள் பிரேக் இன்ஸ்பெக்டர் என்று அழைக்கும் மோட்டார் வாகன ஆய்வாளர் முன்னிலையில் எட்டுப் போட வேண்டும். எட்டில் கால் ஊன்றிவிடுவதற்குக் காரணம் பெரும்பாலும் பார்வைதான். முன்சக்கரத்தையே பார்ப்பவர் தடுமாறுவார், அடுத்து எந்தப் பக்கம் திரும்பப் போகிறோமோ அங்கே பார்ப்பவருக்கு வண்டி வளைந்து கொடுக்கும். முதல் முறை கால் ஊன்றியவர்களில் இந்த வீடியோவுக்குக் குரல் கொடுக்கும் நானும் ஒருவன் என்பதால், இதைத் துணிந்து சொல்கிறேன். தோற்றால் மீண்டும் வரலாம். ஆனால் 3 முறை தோற்றவர் கடைசித் தேர்விலிருந்து 60 நாட்கள் காத்திருக்க வேண்டும்.

தேர்ச்சி பெற்ற பிறகு உரிம அட்டை கையில் தரப்படுவதில்லை. 2024 பிப்ரவரி இறுதியிலிருந்து தமிழ்நாட்டில் அது விரைவு அஞ்சலில்தான் வீட்டுக்கு வருகிறது. நம் ஊர்களில் கதவு எண்ணை விட வீட்டுப் பெயரும், விளை எனப்படும் சிறு குடியிருப்புப் பகுதியின் பெயருமே தபால்காரருக்கு வழிகாட்டும். ஒரே பெயரில் இரண்டு மூன்று விளைகள் அடுத்தடுத்த ஊர்களில் இருப்பதும் உண்டு. எனவே வீட்டுப் பெயர், விளை, தபால் நிலையம், 629 என்று தொடங்கும் அஞ்சல் குறியீடு ஆகிய நான்கும் விண்ணப்பத்தில் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். முகவரி தவறினால் அட்டை அனுப்பிய அலுவலகத்துக்கே திரும்பிவிடும். அட்டை வந்து சேரும் வரை, டிஜிலாக்கரிலோ எம்பரிவாகன் செயலியிலோ தெரியும் உரிமத்தைச் சோதனையின்போது காட்டலாம். சட்டப்படி அது அட்டைக்கு நிகரானதே. 18 வயதில் பெறும் உரிமம் 40 வயது நிறையும் வரை செல்லும்.