நேற்று கிண்டிய பொலெண்டாவில் இன்றைக்கு ஃப்ரைஸ்

நேயர்களுக்கு வணக்கம். எண்ணெய்ச் சட்டி வைக்காமல், ஓவனிலேயே பொலெண்டா ஃப்ரைஸ் மொறுமொறுவென்று வருமா என்று பலர் கேட்கிறார்கள். நன்றாகவே வரும். ஆனால் இன்றைக்குக் கிண்டி இன்றைக்கே சுட நினைத்தால் வராது.

பொலெண்டா என்பது மக்காச்சோள ரவையைக் களி போலக் கிண்டும் வட இத்தாலியின் சாப்பாடு. மக்காச்சோளம் 16ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவிலிருந்து இத்தாலிக்கு வருவதற்கு முன்னால், அங்கே பார்லியிலும் சிறுதானியங்களிலும் செஸ்ட்நட் என்ற கொட்டையின் மாவிலும் இதைக் காய்ச்சினார்கள். அப்புறம் லொம்பார்டி, வெனெட்டோ பக்கத்து ஏழை விவசாயிகளுக்கு மக்காச்சோளமே மூன்று வேளை உணவாகிவிட்டது. அதை மட்டுமே தின்றதால் நயாசின் சத்து கிடைக்காமல் பெலாக்ரா என்ற கொடிய நோய் 18, 19ஆம் நூற்றாண்டுகளில் அங்கே பரவியது. அதனால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: பொலெண்டாவோடு சீஸோ, பீன்ஸோ, முட்டையோ ஏதாவது ஒன்று தட்டில் இருக்கட்டும்.

அந்த வீடுகளில் செம்புப் பானையில் கிண்டி, மரப்பலகையில் கொட்டி, ஆறியதும் நூலால் அறுப்பார்கள். மீந்ததை மறுநாள் துண்டு போட்டு நெருப்பில் வாட்டுவார்கள், இல்லையென்றால் பொரிப்பார்கள். நாம் செய்யும் ஃப்ரைஸ் அந்த மறுநாள் பலகாரத்தின் வழியில் வந்ததுதான்.

சரி, அடுப்புக்கு வருவோம். கொரகொரப்பான மஞ்சள் மக்காச்சோள ரவை வேண்டும். சூப் கெட்டியாக்கப் போடும் வெள்ளை கார்ன் ஃப்ளோர் இதற்கு உதவாது. 1 கப் ரவைக்கு மூன்றரை கப் தண்ணீர். உப்புப் போட்டுக் கொதித்ததும், ஒரு கையால் ரவையைத் தூவிக்கொண்டே மறு கையால் கிளறுங்கள். தீயைக் குறைத்து 35, 40 நிமிடம் வேக வேண்டும். கரண்டி போட்ட தடம் உடனே மூடாமல் நிற்கும் பதம்வரை விடுங்கள். களி கிண்டிய கைக்கு இந்தப் பதம் தானாகவே பிடிபடும். இறக்கும்போது 2 ஸ்பூன் ஆலிவ் எண்ணெயும், கைப்பிடி துருவிய பார்மசான் சீஸும் சேருங்கள். வாசனைக்கு ரோஸ்மேரி நறுக்கிப் போடலாம். ஊட்டிப் பக்கம் விளைகிற ரோஸ்மேரி அருமையாக இருக்கும்.

எண்ணெய் தடவிய தட்டில் ஒன்றரை சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்புங்கள். ஆறியதும் மூடாமல் ஃப்ரிட்ஜில் ஒரு ராத்திரி வையுங்கள். இதைத்தான் பலர் அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள். வெந்து ஊதிய மாவுச்சத்து குளிரக் குளிர மறுபடி இறுகும். அப்போதுதான் கத்திக்கு உடையாமல் வெட்ட வரும். மூடாமல் வைப்பதால் மேற்பரப்பும் காய்ந்துவிடும். மேலே ஈரம் இருக்கும்வரை ஓவனின் சூடெல்லாம் அந்த ஈரத்தை ஆவியாக்குவதிலேயே போகும்; மேல்பகுதி 100 டிகிரியைத் தாண்டாது. பொன்னிறமாகச் சிவக்க அதற்கு மேல் நல்ல சூடு வேண்டும். அதனால் ஓவனில் வைக்கும் முன்பே ஈரத்தைப் போக்குவதுதான் முக்கால்வாசி வேலை.

மறுநாள் விரல் கனத்துக்கு வெட்டி, துணியால் ஒற்றி, எண்ணெய் புரட்டுங்கள். மேலே கொஞ்சம் பச்சை ரவை தூவினால் கடிக்கும்போது கூடுதலாக நொறுங்கும். ஓவனை 220 டிகிரிக்கு முன்பே சூடாக்கி, காலித் தட்டையும் உள்ளேயே வைத்துச் சூடேற்றுங்கள். துண்டுகளுக்கு நடுவே ஒரு விரல் இடைவெளி விடுங்கள். நெருக்கி அடுக்கினால் ஒன்றின் ஆவியில் இன்னொன்று நமத்துப்போகும். 20 நிமிடம் தொடவே வேண்டாம். அடியில் தோல் கட்டிவிட்டால் தானே தட்டை விட்டு வரும், அப்போது திருப்பிப் போட்டு இன்னும் 15 நிமிடம். கூடுதல் சீஸ் தூவ ஆசையென்றால் கடைசி 5 நிமிடத்தில் தூவுங்கள். முன்பே போட்டால் கருகிவிடும்.

தொட்டுக்கொள்ள, பூண்டு போட்டுக் கெட்டியாக வதக்கிய தக்காளிக்கு ஈடு எதுவும் இல்லை என்பது என் கட்சி. மீந்தவற்றை மைக்ரோவேவில் வைக்காதீர்கள், தொளதொளத்துப் போகும். ஓவனிலேயே 200 டிகிரியில் 7, 8 நிமிடம் வையுங்கள், நன்றாகவே இருக்கும். வணக்கம்.