தொரட்டி பிடிச்ச கைக்குத்தான் போல் சா எமன்! மரத்து மேல நடக்கிற அந்த ஒரு தப்பு

[திரையில்: வேப்பமரக் கவட்டை. இறுகி நிற்கும் கயிறு. பக்கத்தில் ரம்பப் பல்]

இந்தக் கயித்தப் பாருங்க. ஒரு ஆளோட மொத்தக் கனத்தயும் தாங்கி விறைச்சு நிக்குது. தொய்ஞ்சு கெடக்கிற கயித்த அறுக்க நாலஞ்சு இழுப்பு வேணும். விறைச்ச கயித்துல பல்லு ஒருவாட்டி உரசினாலே புரி புரியாத் தெறிச்சிரும்.

வணக்கம் மக்களே. போல் சான்னா நீளக் கம்பு நுனியில வளைஞ்ச ரம்பம், அம்புட்டுதான். யாரு கண்டுபிடிச்சா, எந்த நாட்டுலன்னுலாம் இழுக்கல.

விசயம் இதான். ஆட்டுக்குக் குழை பறிக்க தொரட்டிய என்ன செய்யுதிய? மாட்டி, வெடுக்குனு ஒரு இழுப்பு. அந்த வெடுக்குதான் இங்க வில்லன்! போல் சா பல்லு நம்மளப் பாத்துச் சாஞ்சிருக்கும். இழுக்கையிலதான் அறுக்கும், தள்ளையில சும்மா போகும். வெடுக்குனு இழுத்தா வெட்டுவாயில இருந்து பிளேடு துள்ளி வெளிய வந்துரும். தரையில நின்னா ரெண்டு எட்டு பின்னால தள்ளாடலாம். மரத்துல பின்னால என்ன இருக்கு? காத்து! அதனால பிளேடு முழு நீளமும் ஓடுற மாதிரி நிதானமா இழுங்க. தள்ளும்போது அமுக்குனா பிளேடு மடங்கிரும்.

[திரையில்: இடுப்புப் பட்டை, இரண்டு கட்டு]

அறுக்கும்போது உடம்புல ரெண்டு கட்டு இருக்கணும்: ஏறுகயிறு ஒண்ணு, அடிமரத்தச் சுத்தின இடுப்புக் கயிறு ஒண்ணு. ரெண்டும் அறுக்கிற கிளையில இருக்கக் கூடாது. கயிறு ஒரு பக்கம், ரம்பம் மறுபக்கம். கம்ப மட்டும் இடுப்போட கட்டாதீங்க அண்ணாச்சி. விழுற கிளை கம்பக் கவ்விட்டுப் போனா, உங்களயும் சேத்துல்லா இழுக்கும்!

தலைக்கு நேர் மேல உள்ள கிளையத் தொடவே தொடாதீங்க. கம்பு செங்குத்தா நின்னா, அறுந்த கிளை சறுக்குமரம் மாதிரி அது வழியா உங்க கைக்கே வரும். 60 டிகிரிக்கு மேல நிமித்தாதீங்க. கீழ நிக்கிற ஆளு கிளை நீளத்தப்போல ரெண்டு மடங்கு தள்ளி நிக்கட்டும்.

மணிக்கட்டு அளவு தடிச்ச கிளைன்னா மூணு வெட்டு. அடிமரத்துல இருந்து ஒரு அடி தள்ளி, கம்பத் திருப்பிப் பல்ல மேல பாக்க வச்சு, அடியில கால்வாசி அறுங்க. அப்புறம் ரெண்டு விரக்கடை வெளிய தள்ளி மேல இருந்து. கடைசியா மிச்சக் கட்டைய, கிளை பொறப்படுற எடத்துல வீங்கின வளையம் இருக்கும்லா, அதத் தொடாம வெளிய ஒட்டி அறுங்க. அடிவெட்டு இல்லன்னா கிளை விழும்போதே அடிமரத்துப் பட்டையும் உரிஞ்சுட்டு வரும்.

முருங்கையா? அதுல வேதாளம் ஏறட்டும், நீங்க ஏறாதீங்க. பாதி அறுக்கும் முன்னே முறியும். தரையில நின்னே அறுங்க.

கரண்டு: அலுமினியக் கம்பு மின்கம்பிக்கு 10 அடி பக்கத்துல போகவே கூடாது. பைபர் கம்பும் ஈரம், அழுக்கு பட்டாக் கடத்தும், பச்ச மூங்கிலும்தான். கிளை கம்பிய உரசுனா மின்வாரியத்தோட மின்னகம் சேவை மையம் 94987 94987க்குக் கூப்பிடுங்க, லைன நிறுத்தின பிறகுதான் மத்தது.

மரத்துல கம்பு சும்மா இருக்கும்போது பிளேடுக்கு உறை மாட்டி, நீங்க அசைஞ்சாலும் ஆடாத தடிச்ச கிளையில மாட்டுங்க. இறக்கும்போது போடாதீங்க, கயித்துல விடுங்க.

உங்க ஊர்ல இது தொரட்டியா, தொறடா, அலக்கா? கமெண்டுல வந்து சண்ட போடுங்க.