செம்பை ஏமாற்றும் பாக்டீரியா

நண்பர்களே, வணக்கம். ஈ. கோலை என்ற பாக்டீரியா ஒன்றுக்குள் ஏறத்தாழ 2 லட்சம் துத்தநாக அணுக்கள் இருக்கும். அவற்றில் எதனோடும் ஒட்டாமல் சும்மா அலைவது எத்தனை? 2001-இல் அவுட்டன், ஓஹாலரன் என்ற இரு ஆய்வாளர்கள் கணக்குப் பார்த்தார்கள். செல்லுக்கு ஒன்றுகூடத் தேறவில்லை.

ஏன் இத்தனை கெடுபிடி? புரதத்தை ஒட்டிக்கொள்வதில் உலோகங்களுக்குள் ஒரு வரிசை உண்டு. மாங்கனீசு, இரும்பு, கோபால்ட், நிக்கல், செம்பு என்று போகப் போகப் பிடி இறுகும். துத்தநாகத்தில் கொஞ்சம் தளரும். மாங்கனீசுக்காகக் காத்திருக்கும் புரதத்தில்கூட, விட்டால் செம்பு வந்து உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் அந்தப் புரதம் வேலைக்கு ஆகாது.

சினக்கோசிஸ்டிஸ் என்ற நீலப்பச்சை பாக்டீரியாவில் இரண்டு புரதங்கள் உண்டு. ஒன்று செம்பைப் பிடிப்பது, மற்றது மாங்கனீசை. உலோகம் உட்காரும் குழி இரண்டிலும் ஒரே மாதிரி. இரண்டும் கடைசியில் போய்ச் சேருவதும் செல்லைச் சுற்றியுள்ள இரு சவ்வுகளுக்கு நடுவே உள்ள அதே இடத்துக்குத்தான். அப்படியென்றால் எது எதைப் பிடிக்கும் என்று யார் முடிவு செய்வது? சோதனைக்குழாயில் விட்டுப் பார்த்தார்கள். செம்பைவிடக் குறைந்தது 10,000 மடங்கு மாங்கனீசு இருந்தால்தான் மாங்கனீசுப் புரதம் தனக்குரியதைப் பிடித்தது. செல்லில் அது நடக்கிற விதம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. எந்தப் புரதமும் முதலில் நீண்ட இழையாக உருவாகி, பிறகு மடிந்துதான் தன் வடிவத்துக்கு வரும். மாங்கனீசுப் புரதம் செல்லின் உள்ளேயே அப்படி மடிந்து முடித்துவிடுகிறது. அங்கே செம்பெல்லாம் வேறு பிடியில் கட்டுண்டு கிடக்கிறது. மாங்கனீசுதான் கைக்கு எட்டுகிறது. அதை உள்ளே வைத்து மூடிக்கொண்டு, மடிந்த கோலத்திலேயே சவ்வைத் தாண்டுகிறது. வெளியே செம்பு இருந்தாலும் இனி ஒன்றும் செய்ய முடியாது. செம்புப் புரதமோ மடியாத இழையாகத் தாண்டி, வெளியே போய்த்தான் மடிகிறது.

சரி, உள்ளே செம்பு மிஞ்சினால்? ஈ. கோலையில் கியூஆர் என்ற புரதம் அதை உணர்ந்து, வெளியேற்றும் பம்பைச் செய்யும் மரபணுவை முடுக்கிவிடும். மிகச் சொற்பமான செம்புக்கே அது விழித்துக்கொள்ளும்.

இரும்பின் கதை வேறு. அங்கே சிக்கல் பற்றாக்குறை. நம் உடல் இரும்பைப் பூட்டி வைக்கிறது. கிருமிகள் சிடரோஃபோர் என்ற சிறு மூலக்கூறுகளை அனுப்பி அதைப் பறிக்கப் பார்க்கின்றன. உண்ணி கடித்துப் பரவும் லைம் நோயைத் தரும் பொரீலியா என்ற பாக்டீரியாவோ இந்தச் சண்டைக்கே வருவதில்லை. இரும்பை விட்டுவிட்டு மாங்கனீசை வைத்துக் காலம் தள்ளுகிறது. ஆனால் நம் வெள்ளணுக்களிடம் கால்புரொடெக்டின் என்ற புரதம் இருக்கிறது. அது துத்தநாகத்தோடு மாங்கனீசையும் பிடித்து வைத்துக்கொள்ளும்.