கஞ்சாச் செடியின் கலப்பினங்கள்: பெயரும் பிறப்பும்

நேயர்களுக்கு வணக்கம். அம்பாசமுத்திரம் பக்கம் வயல் வைத்திருப்பவர்களுக்கு அம்பை 16 நெல்லைத் தெரியும். ஏ.டி.டி. 31, கோ 39 இரண்டையும் சேர்த்து எடுத்த ரகம் அது. தாய் தகப்பன் யார் என்பது பதிவில் இருக்கிறது. நெல் பெரும்பாலும் தன் மகரந்தத்தையே ஏற்றுக் காய்ப்பதால், நிலைப்படுத்திய குணம் அடுத்த போகத்து விதையிலும் நிற்கும்.

கஞ்சாச் செடி அப்படியில்லை. பனையைப் போல இதிலும் ஆண் வேறு, பெண் வேறு. மகரந்தத்தைக் காற்றுதான் கொண்டுபோகும். ஆடி மாதம் பணகுடிப் பக்கம் நின்று பார்த்தவர்கள், காற்று எதை எங்கே கொண்டு சேர்க்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். விதைக்கு விதை கலப்பு மாறும்.

1753-இல் சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் இதற்குக் கன்னாபிஸ் சட்டைவா என்று பெயர் வைத்தார். அவர் அறிந்தது ஐரோப்பாவில் நாருக்காக வளர்த்த செடி. 1785-இல் பிரான்ஸ் நாட்டு அறிஞர் லமார்க், இந்தியாவிலிருந்து போன செடியைத் தனி இனமாக்கி இண்டிகா என்றார். இன்றைய சந்தையிலோ, ஆப்கானிஸ்தான் மலைப்பக்கத்து அகல இலைக் குட்டைச் செடிதான் இண்டிகா. நம் தென்னாட்டின் ஒல்லி இலை நெடுஞ்செடி சட்டைவா ஆகிவிட்டது. எனக்கு இது பெரிய அநியாயமாகவே படுகிறது. 1976-இல் ஸ்மால், குரோன்குவிஸ்ட் என்ற இரு தாவரவியலாளர்கள் எல்லாம் ஒரே இனம்தான் என்று சொல்லி, டி.எச்.சி. என்ற போதைப்பொருளின் அளவை வைத்து இரண்டு துணையினங்களாகப் பிரித்தார்கள். உலர் எடையில் 0.3 சதவீதம் என்பது அவர்கள் போட்ட கோடு.

கலப்பினம் என்று விற்பவர்கள் 'இண்டிகா அறுபது, சட்டைவா நாற்பது' என்று எழுதுகிறார்கள். கனடா ஆய்வாளர்கள் 2015-இல் மரபணுவைப் பார்த்தபோது, எழுதிய விகிதம் முழுசாகப் பொருந்தவில்லை. ஒரே பெயரில் வந்த மாதிரிகளே சில ஒன்றோடொன்று ஒட்டவில்லை.

நம்பத்தக்க கணக்கு வேறொன்று இருக்கிறது. டி.எச்.சி. மிகுந்த தூய வரிசையையும் (தலைமுறைக்குத் தலைமுறை குணம் மாறாத செடிகள்), போதை தராத சி.பி.டி. என்ற இன்னொரு பொருள் மிகுந்த தூய வரிசையையும் சேர்த்தால், முதல் தலைமுறைச் செடிகள் எல்லாவற்றிலும் இரண்டும் இருக்கும். அவற்றுக்குள்ளேயே மறுபடி சேர்த்தால் நாலில் ஒரு பங்கு டி.எச்.சி. பக்கம் போகும், ஒரு பங்கு சி.பி.டி. பக்கம் போகும், பாதி இரண்டும் கலந்து நிற்கும். 2003-இல் வெளியான ஆய்வு இதைக் காட்டியது. ஒரே தாயின் விதைகளே இப்படிப் பிரியும்போது, விதைப் பொட்டலத்தின் பெயர் எதற்கு உறுதி சொல்லும்? அதனால்தான் தேர்ந்த தாய்ச்செடியைக் குச்சி வெட்டிப் பெருக்குகிறார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டப்படி, அனுமதி இல்லாமல் இதை வளர்ப்பது குற்றம். உத்தரகண்ட் மாநிலம் 2018-இல் நாருக்காக, டி.எச்.சி. 0.3 சதவீதத்துக்குள் அடங்கும் செடிக்கு உரிமம் தரத் தொடங்கியது.

பாளையங்கோட்டையில் சித்த மருத்துவம் படிக்கும் பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருக்கலாம். நச்சு நீக்கிச் சுத்தி செய்து சேர்க்கும் மருந்துச் சரக்குகளில் இதுவும் ஒன்று என்பது உங்களுக்குத் தெரியும். அந்தச் சரக்கு கைக்கு வரும்போது இண்டிகாவா சட்டைவாவா என்று கேட்காதீர்கள். டி.எச்.சி. எவ்வளவு, சி.பி.டி. எவ்வளவு என்று ஆய்வகச் சான்றைக் கேளுங்கள்.