பால்பிரிகன் என்பது ஊரா, உள்ளாடையா?

அடுத்த கேள்வி. நேயர் ஒருவர் கேட்கிறார்: "டப்ளின் ரயில் வரைபடத்தில் பால்பிரிகன் என்று ஒரு நிலையம் இருக்கிறது. பழைய அமெரிக்க விளம்பரம் ஒன்றில் அதே பெயரைப் போட்டு உள்ளாடை விற்கிறார்கள். இரண்டுக்கும் தொடர்பு உண்டா?"

உண்டு. ஊர்ப்பெயர்தான் துணிக்குப் போனது.

ஊர் அயர்லாந்தின் தலைநகரான டப்ளினுக்கு வடக்கே 30 கிலோமீட்டர் சொச்சத்தில், கடலோரத்தில் இருக்கிறது. காலையில் ரயிலேறி டப்ளினுக்கு வேலைக்குப் போய், பொழுது சாய்ந்து திரும்புகிறவர்கள் அங்கே ஏராளம். சுமார் 24,000 பேர் வசிக்கிறார்கள். ரயில் 1844லேயே வந்துவிட்டது. துறைமுகத்தை ஒட்டி 11 வளைவுகள் கொண்ட பாலத்தின் மேல் அது போகும்.

ஆனால் பெயர் வாங்கிக் கொடுத்தது ரயில் இல்லை, காலுறை. 18ஆம் நூற்றாண்டில் ஹாமில்டன் என்ற குடும்பம் அங்கே துறைமுகம் கட்டியது, பருத்தி ஆலையும் வைத்தது. அப்புறம் காலுறைத் தொழில் வேர்பிடித்தது. ஸ்மித் என்ற நிறுவனத்தின் காலுறைகள் விக்டோரியா மகாராணி வரைக்கும் போயின. மெல்லிய பருத்தி நூல், பெரும்பாலும் வெளுக்காத நிறம். நெய்த துணி இல்லை, பின்னிய துணி. நம் பனியன் துணி மாதிரி இழுத்தால் நீளும், விட்டால் பழையபடி ஆகும். உடம்போடு ஒட்டி நிற்க வேண்டிய உடுப்புக்கு வேறென்ன வேண்டும்?

அந்த வகைத் துணிக்கே பால்பிரிகன் என்று பெயராகிவிட்டது. பிறகு யார் எங்கே பின்னினாலும் அதே பெயர்தான். அமெரிக்க ஆலைகளும் பின்னின. 'பிரெஞ்சு பால்பிரிகன்' என்றுகூட விற்றார்கள், கேட்டால் சிரிப்பு வரும். ஆகவே நீங்கள் விளம்பரத்தில் பார்த்த உள்ளாடை அயர்லாந்துப் பக்கமே போயிருக்க வேண்டும் என்பதில்லை.

இன்னொன்றுக்கும் இந்தப் பெயர் உண்டு, அதில் சிரிக்க ஒன்றுமில்லை. அயர்லாந்து வரலாற்றில் 'பால்பிரிகன் சூறையாடல்' என்பார்கள். பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து அயர்லாந்தில் விடுதலைப் போர் நடந்த காலம் அது. 1920 செப்டம்பர் 20 இரவு, ஊரில் ஒரு போலீஸ் அதிகாரி சுட்டுக் கொல்லப்பட்டார். அதற்குப் பழிவாங்க, பிரிட்டிஷ் அரசு சேர்த்திருந்த 'பிளாக் அண்ட் டான்ஸ்' படையினர் பக்கத்து முகாமிலிருந்து லாரிகளில் வந்து இறங்கினார்கள். ஊர்க்காரர் இருவரைக் கொன்றார்கள், ஏறக்குறைய 50 வீடுகளைக் கொளுத்தினார்கள். காலுறைத் தொழிற்சாலை ஒன்றும் எரிந்தது. அங்கே வேலை பார்த்தவர்களோடு, வீட்டிலிருந்தபடி அதற்குக் கைவேலை செய்து கொடுத்த பெண்களுக்கும் அன்றோடு பிழைப்பு போயிற்று. அமெரிக்கக் கடைகளில் அந்த வருடமும் பால்பிரிகன் விற்றுக்கொண்டுதான் இருந்தது.

சரி, அடுத்த கேள்விக்குப் போவோம்.