பில் பிடித்த பந்து

அவையோருக்கு வணக்கம்.

ஒரு பேஸ்பால் பந்து உயரே போய் இறங்கி வருகிறது. கீழே பெரிய கண்ணாடி போட்ட, ஒடிசலான பையன் ஒருவன் கையுறையை விரித்தபடி நிற்கிறான். பெயர் பில் ஹேவர்சக். விளையாட்டு வகுப்பில் அணி பிரிக்கும்போதெல்லாம் கடைசியில் மிஞ்சுகிறவன். அந்த ஆத்திரத்தில் விளையாட்டு ஆசிரியருக்குப் பெயர் சொல்லாமல் போன் போட்டுத் திட்டியவன். அன்று அவன் கையில் பந்து விழுந்துவிடுகிறது. அவன் குதிக்கிறான், கூட இருப்பவர்களும் குதிக்கிறார்கள். கேட்ச் பிடித்த பிறகும் ஆட்டம் நடந்துகொண்டிருக்கிறது என்பதே அவர்களுக்கு மறந்துபோகிறது. எதிரணியினர் சாவகாசமாக ஓடிப் புள்ளி எடுத்துக்கொள்கிறார்கள். பில் அதைக் கண்டுகொள்வதே இல்லை.

'ஃப்ரீக்ஸ் அண்ட் கீக்ஸ்' தொலைக்காட்சித் தொடரின் 18 எபிசோடுகளிலும் இந்தப் பையன்களுக்குக் கிடைக்கிற வெற்றி ஏறத்தாழ இந்த அளவுதான். இன்று நான் பேசப் போவது இந்த அளவைப் பற்றியே. இந்த அளவைப் பிடிக்க எவ்வளவு வேலை செய்தார்கள், அதை விட்டுக்கொடுக்காததற்கு என்ன விலை கொடுத்தார்கள் என்பதைப் பற்றி.

தொடர் 1999 செப்டம்பர் 25 அன்று அமெரிக்காவின் என்பிசி சேனலில் தொடங்கியது. உருவாக்கியவர் பால் ஃபீக். நிர்வாகத் தயாரிப்பாளர் ஜட் அபடோ. கதை 1980–81 கல்வியாண்டில், மிச்சிகன் மாநிலத்தில் டெட்ராய்ட் நகரை ஒட்டிய சிப்பெவா என்ற கற்பனைப் புறநகரில் நடக்கிறது. ஃபீக் வளர்ந்தது அதே வட்டாரத்தில், மவுன்ட் கிளெமென்ஸில். அவர் படித்த பள்ளியின் பெயரிலேயே சிப்பெவா உண்டு.

தலைப்பில் இரண்டு கூட்டம் இருக்கிறது. 'ஃப்ரீக்ஸ்' என்பவர்கள் வகுப்புக்கு மட்டம் போட்டு, புகைபிடித்து, ராக் இசையே கதி என்று திரிபவர்கள்: டேனியல், கிம், நிக், கென். 'கீக்ஸ்' என்பவர்கள் வளர்த்தி போதாத, விண்வெளிப் படங்களையும் நகைச்சுவை நடிகர்களையும் மனப்பாடம் செய்துவைத்திருக்கிற முதலாண்டுப் பையன்கள்: சாம், நீல், பில். இரண்டையும் இணைப்பது சாமின் அக்கா லிண்ட்சே. கணக்குப் போட்டிகளில் பள்ளிக்காக ஆடிய பெண். பாட்டி சாகும்போது அருகில் இருந்தவள் அவள் ஒருத்திதான். ஒளி ஏதும் தெரிகிறதா என்று கேட்டபோது, ஒன்றுமில்லை என்று பாட்டி சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அதற்குப் பிறகு நல்ல மதிப்பெண் எதற்கு என்று லிண்ட்சேக்குப் புரியவில்லை. பச்சை ராணுவச் சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு ஃப்ரீக்ஸ் பக்கம் போகிறாள். தொடரின் முதுகெலும்பு இந்தத் துக்கம். நகைச்சுவைத் தொடரின் முதல் எபிசோடில் இதை வைக்கத் துணிச்சல் வேண்டும்.

முதல் எபிசோடை இயக்கியவர் ஜேக் காஸ்டன். அதன் முதல் ஷாட் தொடரின் கொள்கை அறிக்கை மாதிரி. மைதானத்துப் படிக்கட்டு இருக்கைகளில் அமெரிக்கக் கால்பந்து வீரன் ஒருவனும் சியர்லீடர் பெண் ஒருத்தியும் காதல் பேசுகிறார்கள். வழக்கமான பள்ளித் தொடராக இருந்தால் கதை அவர்களுடையது. கேமரா அவர்களை விட்டுவிட்டு இருக்கைகளுக்கு அடியில் இறங்குகிறது. அங்கே டேனியலின் கூட்டம். அங்கிருந்து நகர்ந்து லிண்ட்சேயைத் தொட்டு, தள்ளி நின்று நடிகர் ஒருவரைப் போலப் பேசிக்காட்டிக்கொண்டிருக்கும் சாமின் கூட்டத்தை அடைகிறது. மேலே இருந்த அந்த ஜோடி தொடருக்குத் தேவைப்படவே இல்லை.

இனி வேலை நடந்த விதம். எழுத்தாளர்கள் கூடியதும் ஃபீக் அவர்களிடம் ஒரு கேள்வித்தாளைக் கொடுத்தார். பள்ளியில் உனக்கு நடந்த நல்லது எது, மிக மோசமானது எது, வெட்கித் தலைகுனிந்த நாள் எது, யாரைக் காதலித்தாய் என்பது போன்ற கேள்விகள். பதில்களைத் தொகுத்து எல்லாருக்கும் பிரதி கொடுத்தார்கள். அறையில் உட்கார்ந்து நாட்கணக்கில் இவற்றைச் சொல்லிச் சொல்லிப் பேசினார்கள். எபிசோடுகளின் கரு அதிலிருந்து வந்தது. இதன் பயன் என்னவென்றால், கற்பனையில் தோன்றும் அவமானம் எப்போதும் கொஞ்சம் பெரிதாக, கொஞ்சம் அழகாக இருக்கும். உண்மையில் நடந்தது சிறியதாக, விசித்திரமாக, பதில் சொல்ல முடியாததாக இருக்கும். நீலின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். அப்பாவின் காரில் ஒரு கராஜ் ரிமோட் கிடக்கிறது. தங்கள் வீட்டுக் கதவு அதற்குத் திறப்பதில்லை. பையன் சைக்கிளை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போய், ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அந்தப் பொத்தானை அழுத்திப் பார்க்கிறான். அப்பாவுக்கு வேறொரு பெண்ணோடு தொடர்பு என்பதைச் சொல்ல ஒரு வரி வசனம் போதும்தான். ஆனால் அந்தச் சைக்கிள் பயணத்தில் இருக்கிற பயம் வசனத்தில் வராது.

நடிகர் தேர்வு ஆலிசன் ஜோன்ஸ் பொறுப்பில் நடந்தது. இந்தத் தொடருக்குக் கிடைத்த ஒரே எம்மி, அதாவது அமெரிக்கத் தொலைக்காட்சி விருது, அவருடைய வேலைக்குத்தான். லாஸ் ஏஞ்சலீஸோடு நிற்காமல் பல ஊர்களில் தேடினார்கள். கென்னாக நடித்த சேத் ரோகன் கனடாவின் வான்கூவரில் கிடைத்தவர், அப்போது பதின்ம வயது. சாமாக நடித்த ஜான் ஃபிரான்சிஸ் டேலிக்குத் தொடர் தொடங்கியபோது வயது 14. இருபத்தைந்து வயதுக்காரரைப் பள்ளிப் பையனாக நிறுத்துகிற வழக்கத்துக்கு நடுவே, ஒரு 14 வயதுப் பையனின் உண்மையான தோள் அகலம் திரையில் தெரிந்தால் என்ன ஆகும் என்பதை இங்கே பார்க்கலாம். அவனை யாராவது சுவரோடு தள்ளும்போது நமக்கு வலிக்கிறது. தாளில் இருந்த பாத்திரத்துக்குள் நடிகரைத் திணிக்கவும் இல்லை. வந்தவரின் பேச்சையும் நடையையும் பார்த்துப் பாத்திரத்தைத் திருத்தி எழுதினார்கள்.

படப்பிடிப்பு லாஸ் ஏஞ்சலீஸில். கதை நடப்பதோ மேகம் மூடிய மிச்சிகனில். பளிச்சென்ற நிறங்களை ஒதுக்கி, மங்கலான பழுப்பும் பச்சையுமாக வைத்துக்கொண்டார்கள். ஆண்டு 1980 என்றாலும் வீடுகளில் இருக்கும் சோபாவும் திரைச்சீலையும் எழுபதுகளுடையவை. நடுத்தரக் குடும்பம் பத்தாண்டு பிறந்ததும் சாமான்களை மாற்றிவிடுவதில்லையே. லிண்ட்சே அந்த ஒரே சட்டையைத் திரும்பத் திரும்ப அணிகிறாள். பின்னணிச் சிரிப்பொலி கிடையாது. எங்கே சிரிப்பது, சிரிக்கலாமா என்று நாமே முடிவு செய்யவேண்டியிருக்கிறது.

பாட்டு விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். முதல் எபிசோடின் கடைசியில் பள்ளியில் நடனம். சாம் தான் நேசிக்கும் சிண்டியை மெதுவான பாட்டுக்குத் தன்னோடு ஆட அழைத்திருக்கிறான். ஸ்டிக்ஸ் குழுவின் 'கம் செய்ல் அவே' மெதுவாகத் தொடங்குகிறது. இவன் துணிவைத் திரட்டி அவளோடு மேடைக்கு வருவதற்குள் பாட்டு வேகமெடுத்துவிடுகிறது. அணைத்து ஆட வழியில்லை. ஒரு கணம் விழிக்கிறான், பிறகு கையையும் காலையும் வீசி ஆடத் தொடங்குகிறான், சந்தோஷமாக. அந்தப் பாட்டின் கட்டமைப்பே இந்தக் காட்சியின் திரைக்கதை. வேறு பாட்டை வைத்தால் காட்சி செத்துப்போகும்.

இப்படி ஒரு பாட்டைப் பயன்படுத்த இரண்டு உரிமை வாங்கவேண்டும். மெட்டும் வரிகளும் யாருடையவோ அவர்களிடம் ஒன்று, அந்த ஒலிப்பதிவு யாருடையதோ அவர்களிடம் இன்னொன்று. ஒளிபரப்புக்காக வாங்கிய உரிமை டிவிடி விற்பனைக்குச் செல்லாது, மறுபடி பேசவேண்டும். பல பழைய தொடர்கள் டிவிடியில் வரும்போது செலவுக்குப் பயந்து மலிவான இசையை மாற்றி ஒட்டினார்கள். இவர்கள் மாட்டோம் என்று நின்றார்கள். அதனால் டிவிடி வர 2004 ஏப்ரல் ஆனது. ஷவுட்! ஃபேக்டரி நிறுவனம் எல்லாப் பாட்டுக்கும் உரிமை வாங்கி வெளியிட்டது. அந்தக் காத்திருப்பு சரியான முடிவு என்பது என் உறுதியான கருத்து. 'டெட் டாக்ஸ் அண்ட் ஜிம் டீச்சர்ஸ்' எபிசோடில் பில் பள்ளி விட்டு ஆளில்லாத வீட்டுக்கு வருகிறான். சீஸ் வைத்து ரொட்டி வாட்டிக்கொள்கிறான், ஒரு துண்டு கேக் எடுத்துக்கொள்கிறான், டிவியில் கேரி ஷேன்ட்லிங் பேசும் நகைச்சுவையைப் பார்த்து வாய் நிறைய உணவோடு விழுந்து விழுந்து சிரிக்கிறான். வசனமே கிடையாது, த ஹூ குழுவின் ஒரு பாட்டு மட்டும். தனியாக இருக்கும் பிள்ளைக்கு நகைச்சுவை என்னவாக இருக்கிறது என்பதை இதைவிடச் சுருக்கமாகக் காட்டிய காட்சி எனக்குத் தெரியாது.

தொடர் யாரையும் புனிதராக்குவதில்லை என்பதற்கு ஒரு உதாரணம். டேனியல் கணக்குத் தேர்வில் திருட்டு வழியில் எழுத, லிண்ட்சே உதவுகிறாள். காரணம், அவன் சொன்ன கதை. சின்ன வகுப்பிலேயே பிள்ளைகளை மூன்று தடங்களாகப் பிரித்தார்கள், புத்திசாலிகள், சாதாரணமானவர்கள், மக்குகள். என்னை மூன்றாவதில் போட்டார்கள் என்கிறான். கேட்கும் நமக்கும் நெஞ்சு கனக்கிறது. மாட்டிக்கொண்ட பிறகு, ஆசிரியர்கள் முன் அதே கதையை அதே உருக்கத்தோடு மறுபடி தொடங்குகிறான். லிண்ட்சே அடக்கமுடியாமல் சிரித்துவிடுகிறாள். கதை பொய்யா? இல்லை, அந்தக் காயம் உண்மை. அதை அவன் கருவியாக்கிக்கொண்டதும் உண்மை. எபிசோட் அந்தச் சிரிப்பில் முடிகிறது.

இனி நின்றுபோன கதை. சனிக்கிழமை இரவு 8 மணி கொடுத்தார்கள். இளைஞர்கள் வீட்டில் இருக்காத நேரம். இரண்டு எபிசோட் போனதும் 'உலகத் தொடர்' என்ற பேஸ்பால் போட்டிகளுக்காக நிறுத்தி, அக்டோபர் 30 அன்றுதான் மூன்றாவது வந்தது. நவம்பர் நடுவில் மறுபடி காணாமல் போய், 2000 ஜனவரியில் திங்கட்கிழமைக்கு மாறி வந்தது. பிப்ரவரியில் இன்னொரு இடைவெளி. வாராவாரம் வந்தால்தான் பார்ப்பவருக்குப் பழக்கம் ஏற்படும். பழக்கம் ஏற்படாத தொடரைப் பார்ப்பவர் குறைவு என்று கணக்குக் காட்டி நிறுத்துவது எளிது. 12 எபிசோட் ஒளிபரப்பானதும் மார்ச்சில் நிறுத்தினார்கள்.

இடையில் 'கிம் கெல்லி இஸ் மை ஃப்ரெண்ட்' என்ற நான்காவது எபிசோடை என்பிசி ஒளிபரப்பவே இல்லை. கிம்மின் வீட்டுக்குள் நடக்கும் கூச்சலும் வன்மமும் அவ்வளவு கடுமை. ஆனால் முதல் மூன்றிலும் லிண்ட்சேயைச் சீண்டிக்கொண்டிருந்த கிம் அவளுக்குத் தோழியாவது அந்த எபிசோடில்தான். அதை எடுத்துவிட்டதால் ஐந்தாவதிலிருந்து பார்ப்பவர்களுக்கு அந்த நட்பு திடீரென்று முளைத்ததாகத் தெரிந்திருக்கும். இப்போது பார்க்கத் தொடங்குகிறவர்கள் நான்காவதைத் தவிர்த்துவிடாதீர்கள்.

சேனல் தரப்பு இந்தப் பிள்ளைகளுக்கு இன்னும் கொஞ்சம் வெற்றி கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தது. அதை முட்டாள்தனமான கோரிக்கை என்று நான் ஒதுக்கமாட்டேன். வேலை முடிந்து களைத்து உட்காருகிறவர் ஆறுதல் தேடுவது நியாயம்தான். ஆனால் பில் அந்தப் பந்தைப் பிடித்து, ஆட்டத்தையும் வென்று, எல்லாரும் அவனைத் தோளில் தூக்கியிருந்தால், கடைசியில் மிஞ்சுகிற எந்தப் பையனும் அதை நம்பியிருக்கமாட்டான்.

தொடர் நிற்கும் என்று முன்பே அறிந்த குழு, முடிவு எபிசோடை வரிசைக்கு முன்னதாகவே படமாக்கி வைத்துக்கொண்டது. எழுதி இயக்கியவர் ஃபீக். ரசிகர்கள் விடாமல் கேட்டதன் பலனாக 2000 ஜூலை 8 அன்று என்பிசி மேலும் மூன்று எபிசோடுகளைப் போட்டது, முடிவு உட்பட. மிச்சமிருந்த மூன்றும் ஃபாக்ஸ் ஃபேமிலி சேனலில் அந்த ஆண்டு செப்டம்பர், அக்டோபரில் வந்தன. ஆக முடிவைப் பார்த்த பிறகும் நடுக்கதை வந்துகொண்டிருந்தது.

அந்த முடிவில் லிண்ட்சே மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கோடைக்காலப் படிப்பு முகாமுக்கு பஸ் ஏறுகிறாள். வழியில் இறங்கி, கிம்மோடு ஒரு வேனில் ஏறி, கிரேட்ஃபுல் டெட் என்ற ராக் இசைக்குழுவின் கச்சேரிகளைப் பின்தொடர்ந்து போய்விடுகிறாள். அப்பா அம்மாவுக்குத் தெரியாது. அது சரியா தவறா என்று தொடர் சொல்வதில்லை.

அதே எபிசோடில் டேனியல், தீயணைப்பு மணியை அடித்துவிட்டு அகப்பட்டு, தண்டனையாக கீக்ஸ் பையன்களின் ஒலி-ஒளிக் குழுவில் உட்காரவைக்கப்படுகிறான். அவர்கள் ஒருநாள் இரவு அவனை 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆட அழைக்கிறார்கள். மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரமாகக் கதை சொல்லி ஆடும் விளையாட்டு அது. இதில் சாமாக நடித்த டேலிதான் பின்னாளில், 2023-இல், அந்த விளையாட்டைத் திரைப்படமாக எடுத்த இருவரில் ஒருவர். டேனியலுக்குக் கிடைக்கும் பாத்திரம் ஒரு குள்ளன். பெயர் வைக்கச் சொன்னதும் கார்லோஸ் என்கிறான். பள்ளியிலேயே கெத்தானவன், மூன்றாம் தடத்துப் பையன், அந்த மேஜையில் தோல் சட்டையோடு உட்கார்ந்து ஒரு இளவரசியை மீட்கிறான். ஆட்டம் முடிந்ததும் நாளைக்கும் ஆடலாமா என்று கேட்கிறான். அவன் நகர்ந்தபின் பையன்கள் தங்களுக்குள் கேட்டுக்கொள்கிறார்கள்: அவன் நம்மைப்போல ஆகிறானா, நாம் அவனைப்போல ஆகிறோமா? நாம்தான் கெத்தாகிறோம் என்று வைத்துக்கொள்வோம் என்று முடிவு செய்கிறார்கள்.